எண்ணெய் போட்ட ரிவால்வர்

6

"தொட்டுப் பாருங்க சார். பூ மாதிரி கீது," என்றான் பாலாஜி.

பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் ரிவால்வரை வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டை ஒட்டிப் பூட்டிக் கிடந்த உரக்கடையின் பின்னறை அது. யூரியா நெடி கண்ணைக் கரித்தது. வெளியே செங்கல்பட்டு வண்டி நிற்க மனமில்லாததுபோல் வந்து நின்றது.

பொன்னுரங்கம் உடனே தொடவில்லை. ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். இப்போது துப்பறிகிறார். ஆனால் இன்று காலை மட்டும் அவர் ஒரு கல்குவாரி முதலாளி. அதற்காக இரவல் வாங்கிய மோதிரம் விரலை இறுக்கிக்கொண்டிருந்தது. அவருடைய உதவியாளர் கங்கா, குவாரியின் கணக்கு எழுதுகிற பெண்ணாகப் பக்கத்தில் நின்றாள்.

"பூ மாதிரி இருந்தா தலையில வெச்சிக்கலாம். நாங்க துப்பாக்கி வாங்க வந்தோம்," என்றாள் கங்கா.

"இந்த அம்மா எப்பவும் இப்டிதானா சார்?"

"இன்னைக்குக் கொஞ்சம் நல்ல மூட்ல இருக்கு," என்றார் பொன்னுரங்கம்.

கங்கா நல்ல மூடில் இல்லை. இருவருமே இல்லை. பென்னலூர் பக்கத்தில் ராஜாமணி என்பவரின் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ்கள் ஓடுகின்றன. அந்தப் பிரஸ்ஸில் விரல் போனவர்களை ஒன்று சேர்த்து, பாதுகாப்புத் தடுப்பு கேட்டு வேலைநிறுத்தம் வரைக்கும் கொண்டுபோனவன் ஜெபகுமார். பிள்ளையார் சதுர்த்தி முடிந்த வாரத்தில், தன் ஆபீஸ் டிராயரில் இருந்த லைசென்ஸ் ரிவால்வரை ஜெபகுமார் திருடிவிட்டதாக ராஜாமணி புகார் எழுதிக் கொடுத்தார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் துப்பாக்கி என்ற சொல்லே போதும், பிடித்துக்கொண்டு போவார்கள். அன்று உள்ளே போனவன் இன்னும் வெளியே வரவில்லை. துப்பாக்கி எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். எடுக்காதவன் எங்கிருந்து காட்டுவான்? இன்று பிற்பகல் மறுபடி ஜாமீன் மனு வருகிறது. இதுவும் போனால் வழக்கு முடிகிறவரை உள்ளேதான்.

ரயில்வே கேட் டீக்கடையில் ஒருவன் "சாமான் ஒண்ணு கீது, வேணுமா?" என்று விசாரிப்பதாகக் கங்காவின் காதுக்கு வந்தது. அவர்களிடம் இருந்த ஒரே தடம் அதுதான். வந்து பார்த்தால், அவன் ராஜாமணியின் கார் டிரைவர்.

பொன்னுரங்கம் துப்பாக்கியை எடுத்து, முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பூட்டை விடுவித்தார். குழல் முன்பக்கம் மடங்கியது. குண்டு போடும் உருளையின் ஆறு துளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காலிதான் சார். நானே பாத்தேன்."

"நீ பாத்தது உனக்கு. நான் பாத்தாதான் எனக்கு."

"சட்டுனு புடிச்சிக்கினு கெளம்புங்க சார். இன்னாத்த பாக்கறீங்க? அதான் சுடுமே."

"வாங்கறவன் மொதல்ல பாக்க வேண்டியது அது சுடுமான்னு இல்ல தம்பி. சுடக்கூடாத நேரத்துல சும்மா இருக்குமான்னு."

மறுபடி மூடி, துப்பாக்கியின் பின்தலையில் இருந்த சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தினார். கட்டை விரலால் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளிப் பார்த்தார். விழவில்லை. "மட்டமான மாலா இருந்தா இந்தத் தள்ளுக்கே விழுந்துடும். இடுப்புல சொருகிக்கினு பஸ் ஏறினா தொடை போயிடும்."

"எங்க சாருக்கு தொடை ரொம்ப முக்கியம்," என்றாள் கங்கா.

உருளையை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். தளர்ந்த பல்போல் ஆடாமல், இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு மட்டும் அசைந்தது. சுத்தியலை மெல்ல இறக்கிவிட்டு, குழலை மறுபடி மடக்கினார். செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தைக் கிழித்துக் குழலின் பின்வாயில் வைத்து, முன்வாயில் கண்ணை வைத்தார். உள்ளே சுழன்று போகும் வரிகள், மழை நின்ற பிறகு தெரியும் தெருவைப்போலப் பளிச்சென்று இருந்தன. துருவோ குழியோ இல்லை. அதிகம் சுடாத துப்பாக்கி.

"திருகாணி பாத்தியா கங்கா? தலையில ஒரு கீறல் இல்ல. தெரியாதவன் எவனும் திறக்கல. நம்பரப் படி."

கங்கா அதைக் கையில் வாங்கிச் சட்டத்தில் இருந்த எண்ணைப் படித்தாள். பிறகு உருளையில் இருந்ததையும் படித்தாள். இரண்டும் ஒன்று. ராஜாமணியின் லைசென்ஸில் இருந்த எண்ணும் அதுவே. அவள் குரல் மாறவில்லை. கை மட்டும் ஒரு கணம் நின்றது.

"பழசுதான். ஆனா அசல் வெளிநாட்டு மால். நல்லா வெச்சிருந்திருக்காங்க," என்றார் பொன்னுரங்கம். "கைப்பிடில மட்டும் பிசுபிசுன்னு இன்னாவோ இருக்கு."

"தொடச்சா போயிடும் சார்."

"வேணாம். இருக்கட்டும்," என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகத் தும்மினார்.

கதவு திறந்தது. ஜெபகுமாரைப் பிடித்துப்போன இன்ஸ்பெக்டர் கன்னியப்பன், அந்தத் தும்மலுக்காகக் காத்திருந்தவர், இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார். பாலாஜி ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. அவன் முகத்தில் பயம் வந்து, பிறகு அந்தப் பயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தந்திரம் எட்டிப் பார்த்ததைப் பொன்னுரங்கம் கவனித்தார்.

"எனுக்கு ஒண்ணும் தெரியாது சார். ஜெபகுமார்தான் குடுத்தான். வித்துக் குடுன்னான். மாட்டிக்கறதுக்கு முன்னாடி நாள் குடுத்தான் சார்."

கன்னியப்பன் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

"பாத்தீங்களா பொன்னுரங்கம்? உங்க கட்சிக்காரனுக்கு எதிரா சாட்சி வேணும்னு இத்தினி நாளா அலஞ்சேன். நீங்களே துப்பாக்கியும் குடுத்து சாட்சியும் குடுத்துட்டீங்க. டீ சாப்பிடறீங்களா?"

"சூடா இருந்தா குடுங்க," என்றாள் கங்கா. "ஊத்தறதுக்கு ஆள் கீது."

*

டீக்கடை பெஞ்சில் சத்யப்பிரியா காத்திருந்தாள். ஜெபகுமாரின் மனைவி. கைவிலங்கோடு பாலாஜியை ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். விஷயத்தைக் கங்கா சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"நல்லா கண்டுபிடிச்சீங்க சார்," என்றாள் பொன்னுரங்கத்திடம். "நான் அவர வெளிய கொண்டாரச் சொன்னேன். நீங்க ஜெயில் கேட்ட இன்னும் நல்லா இழுத்துப் பூட்டிட்டீங்க."

"அம்மா..."

"துப்பாக்கி கெடைக்காத வரைக்கும் சந்தேகம்னாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு. மத்தியானம் ஜட்ஜு இன்னா சொல்வாரு? வூட்டுக்குப் போய்ட்டு வாப்பான்னா?"

பொன்னுரங்கத்துக்கும் கோபம்தான். அது வாய்க்கு வராமல் விரலுக்கு வந்தது. இரவல் மோதிரத்தைத் தோலோடு பிய்ப்பதுபோலக் கழற்றினார்.

கங்கா தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"சார், துப்பாக்கிக்கு இன்னா எண்ணெய் போடுவாங்க?"

"அதுக்குன்னு தனியா இருக்கு. ஏன்?"

"இது தையல் மெஷின் எண்ணெய். எங்கம்மா தைக்கறவங்க. எங்க வூட்ல சோத்துலகூட இந்த வாசனதான் வரும்."

"எங்க வூட்லயும் மெஷின் கீது," என்றாள் சத்யப்பிரியா மெதுவாக. "நானும் தைக்கறேன்."

சொன்ன பிறகுதான் பின்னால் இன்ஸ்பெக்டர் நிற்பதைப் பார்த்தாள்.

"அப்டியா?" என்றார் கன்னியப்பன். "அப்ப புருஷன் எடுத்தான், பொண்டாட்டி எண்ணெய் போட்டு வெச்சா. உன்னயும் ஏத்தவா?"

"ஏத்துங்க. அவரப் பாத்து எத்தினி நாளாச்சு. அங்கயாவது பாத்துக்கறேன்."

பொன்னுரங்கம் நடுவில் வந்து நின்றார். "துப்பாக்கிய ஒரு நிமிஷம் காட்டுங்க. நான் தொடல. நீங்களே புடிச்சிக்கங்க."

கன்னியப்பன் கைக்குட்டையை விரித்தார். கைப்பிடி மரத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய நுண்ணிய கட்டங்கள். அவற்றின் பள்ளங்களில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் மேல் வைத்த குங்குமம் கரைந்து கீழே ஒழுகி, திருகாணியைச் சுற்றி அடர்ந்த சிவப்பாகத் தங்கியிருந்தது.

"ஆயுத பூஜை," என்றார் பொன்னுரங்கம். "பூஜை இந்த மாசம்தான் வந்துச்சு. ஜெபகுமார் போன மாசத்துலேர்ந்து உள்ள இருக்கான். அவன் வூட்ல சிலுவை மாட்டியிருக்கு. இந்தம்மா துப்பாக்கிக்கு எதுக்கு குங்குமம் வெக்கணும்?"

"பாலாஜி வெச்சிருப்பான்யா. டிரைவர். வண்டிக்கு வெக்கறவன் இதுக்கும் வெச்சான்."

"சரி. எண்ணெய் இந்தம்மா போட்டாங்க, குங்குமம் பாலாஜி வெச்சான். அப்டித்தானே? இந்த எண்ணெய் தண்ணி மாதிரி. போட்டு நாலு நாள்ல காஞ்சி இழுத்துக்கும். காஞ்ச இடத்துல வெச்ச குங்குமம் இப்டி ஒழுகாது. எண்ணெய் போட்ட ஈரம் போறதுக்குள்ள வெச்சாத்தான் ஒழுகும். ஒரே நாள், ஒரே கை. பாலாஜி கம்பெனி ஷெட்ல படுக்கறவன். அவன்கிட்ட தையல் மெஷின் ஏது?"

கன்னியப்பன் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பிடித்த வேலை அல்ல.

"கோர்ட்டுக்குப் போற வழியில ஒரு வூடு இருக்கு," என்றார் பொன்னுரங்கம்.

"யார் வூடு?"

"ராஜாமணி சார் வூடு."

"பெரிய மனுஷன்யா. அங்கல்லாம் போய்..."

"திருட்டுப் போன துப்பாக்கி கெடச்சுதுன்னு சொல்லப் போறோம். சந்தோஷப்பட்டா உங்களுக்குத்தானே பேரு?"

அந்த வார்த்தை வேலை செய்தது. கன்னியப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆனா ஒண்ணு. உள்ள போனதும் நீங்க பேசக் கூடாது. நான் பேசறேன்," என்றார் பொன்னுரங்கம்.

"பேசாம இருக்கறது அவருக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல சார்," என்றாள் கங்கா. "வாயால பேசற பழக்கம் வுட்டுப் போச்சு. கையால பேசறவரு."

*

ராஜாமணி அந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பார் என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரியும். கதவைத் திறந்தவர் அவர் மனைவி ஜெயலட்சுமி. ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கூடத்தில் பாதி தைத்த ஜாக்கெட்டோடு தையல் மெஷின் நின்றது. அதன் கழுத்தில் சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. ஃப்ரிட்ஜில், டெலிபோனில், சுவர்க் கடிகாரத்தில்கூட அதே பொட்டு.

போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் அவர் கை நாடாவைப் பிடித்துக்கொண்டது. "அவருக்கு எதாவது..."

"ஒண்ணும் இல்லீங்கம்மா," என்றார் பொன்னுரங்கம். "லைசென்ஸ் துப்பாக்கி விஷயமா வந்தோம். வூட்ல துப்பாக்கிய யாரு பாத்துக்கறாங்க, நல்ல நிலைமையில வெச்சிருக்காங்களான்னு கேக்கணும்."

"அவ்ளோதானா? பயந்துட்டேன்," என்று சிரித்தார் ஜெயலட்சுமி. "நல்லாத்தான் வெச்சிருக்கேன். அவருக்கு என்ன, வாங்கினதோட சரி. கம்பெனிக்கு ஒரு நாள் எடுத்துக்கினு போனாரு, மறுபடி கொண்டாந்து பீரோவுல வெச்சிட்டாரு. வருஷா வருஷம் தொடைக்கறது, எண்ணெய் போடறது எல்லாம் நான்தான்."

"இன்னா எண்ணெய்மா போடறீங்க?"

"மெஷினுக்குப் போடறதுதான். தப்பா?"

"தப்பில்லீங்க. இந்த வருஷமும் போட்டீங்களா?"

"இந்த வருஷம் மட்டும் வுட்டுடுவனா? சரஸ்வதிக்கு முன்னாடி அருவாமணை, கத்திரி, அவரு கால்குலேட்டர், எல்லாத்தயும்தானே வெக்கறோம். அது மட்டும் பீரோவுல கெடந்தா நல்லாவா இருக்கும்? அவசரத்துல எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு. குங்குமம் நிக்கவே இல்ல, ஒழுகிப் போச்சு. அப்டியே துணியில சுத்தி வெச்சிட்டேன்."

கன்னியப்பன் வாயைத் திறந்தார். கங்கா அவர் காலை மிதித்தாள்.

"ஐயா பூஜையில இருந்தாரா?" என்றார் பொன்னுரங்கம்.

"அவருக்கு கம்பெனி பூஜை. வூட்டு பூஜை நான்தான். இருங்க, கொண்டாந்து காட்டறேன். சுத்தமா இருக்கும், பாருங்க."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு துணிகளை இழுக்கும் சத்தம். அது நெடுநேரம் கேட்டது. கன்னியப்பனின் நெற்றியில் வேர்த்திருந்தது.

திரும்பி வந்தபோது அவர் கையில் வெறும் மஞ்சள் துணி இருந்தது.

"காணமே. பட்டு வேட்டிக்குப் பின்னாலதான் வெச்சேன். இருங்க, அவரையே கேக்கறேன்."

டெலிபோனைச் சுழற்றினார். "ஏங்க, நான்தான். பீரோவுல துப்பாக்கி இல்லியே, எடுத்தீங்களா? போலீஸ்காரங்க வந்திருக்காங்க... ஆமா, இங்கதான்... ஆமா சொன்னேன், பூஜையில வெச்சேன்னு சொன்னேன். ஏன்..."

மறுமுனையின் குரல் வார்த்தை புரியாத இரைச்சலாக அறை வரைக்கும் வந்தது. ஜெயலட்சுமி ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். பிறகு வைத்துவிட்டார். அந்த நேரத்துக்குள் அவர் முகம் வேறொருவருடைய முகமாக ஆகியிருந்தது.

"எனக்குப் புத்தி சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டிக்கினு இருக்கேன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்றாரு," என்றார்.

கையில் இருந்த மஞ்சள் துணியை நாலாக மடித்தார்.

"இருபத்தெட்டு வருஷமா இந்த வூட்ட நடத்தறேன். எதுக்கு இப்டி சொல்லச் சொல்றாரு? நீங்க யாரு? இன்னா நடக்குது?"

கங்கா சொன்னாள். இந்த முறை கிண்டல் இல்லை. பிரஸ்ஸில் போன விரல்கள், வேலைநிறுத்தம், பூஜைக்கு முன்பே திருடு போனதாக எழுதிக் கொடுத்த புகார், உள்ளே இருக்கும் ஜெபகுமார், ஜீப் அருகில் வெயிலில் நிற்கும் அவன் மனைவி. ஜெயலட்சுமி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அந்தப் பெண்ணும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையன அடிச்சாங்களா?"

"இவரக் கேளுங்க," என்றாள் கங்கா.

கன்னியப்பன் செருமினார். "விசாரணைன்னா... அது வந்து... நீங்க இதுல தலையிட வேணாம்மா. பெரிய இடம். கோர்ட்டு கீர்ட்டுன்னு நீங்க வரவேணாம். நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துப்பீங்க?" என்றார் பொன்னுரங்கம். அன்று முழுவதும் உயராத அவர் குரல் உயர்ந்தது. "ஒரு மாசத்துக்கு மேல நீங்க பாத்துக்கினதப் பாத்தாச்சு. ஒருத்தன் டிராயர்லேர்ந்து போச்சுன்னு எழுதிக் குடுத்தா, அந்த டிராயர்ல எப்ப இருந்துச்சுன்னு கேக்க மாட்டீங்க. வூட்ல இருக்குதான்னு எட்டிப் பாக்க மாட்டீங்க. கையில கெடச்சவன மட்டும் பாத்துப்பீங்க."

ஜெயலட்சுமி கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"எனக்குப் புத்தி சரியில்லன்னு அவர் கோர்ட்ல வந்து சொல்லட்டும். நான் செருப்பு மாட்டிக்கினு வர்றேன். கோர்ட்டு எத்தினி மணிக்கு?"

*

ஜெயலட்சுமி சொன்னதைக் கேட்ட பிறகு பாலாஜிக்கு ஜெபகுமாரின் பெயர் மறந்துபோயிற்று. பூஜை முடிந்து சில நாள் கழித்து முதலாளி ஒரு பொட்டலத்தைக் கொடுத்து ஏரியில் எறியச் சொன்னார். எறிவதற்கு மனம் வரவில்லை. விற்றால் நல்ல விலை போகுமே என்று வைத்துக்கொண்டான். ஜீப்பின் பின்சீட்டில் அவனாகவே இதைச் சொல்லிக்கொண்டு வந்தான். மனைவி புத்தி கெட்டவள் என்று சொல்லக் கோர்ட்டுக்கு ராஜாமணி வரவில்லை. அவரைத் தேடி இரண்டு கான்ஸ்டபிள்கள் பென்னலூருக்குப் போயிருந்தார்கள்.

ஜாமீனுக்கு ஆட்சேபணை இல்லை என்று கன்னியப்பன் தன் கைப்படவே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜெயலட்சுமி கூண்டில் ஏறி, வீட்டில் சமையல் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

மாலை வெயிலில் ஜெபகுமார் ஜாமீனில் வெளியே வந்தான். சத்யப்பிரியா ஓடவில்லை. அருகில் போய் அவன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. எந்தப் பிரஸ்ஸும் அதைச் செய்யவில்லை.

"வலிக்குதா?"

"இப்ப பரவால்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

ஜெயலட்சுமி படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து அவர்கள் முன்னால் நின்றார். சத்யப்பிரியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. அவர் கையை மட்டும் பிடித்து, ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டருக்கு எதிரே கூட்டிக்கொண்டு போனாள்.

"சார், இந்தம்மாவ நீங்க வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, துப்பாக்கி பீரோவுலதான் கீதுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பாங்க. பொய் சொல்லத் தெரியல அவங்களுக்கு. கேக்கறதுக்கு வாய் வரல, இந்தக் கைய ஒடைக்கறதுக்கு மட்டும் கை வந்துச்சா?"

கோர்ட் வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். கன்னியப்பன் ஒரு கால் ஜீப்பிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார்.

"சத்யா, போதும் வா," என்றான் ஜெபகுமார்.

"இரு. அவர் பதில் சொல்லட்டும்," என்றாள்.